கீல் பக்கம் திறந்த கதவு

வீட்டை விற்கப்போவதாக அம்மா போனில் சொன்னார். மறுமுனையில் மகன் கேட்டான்: "யாரும்மா உன்னைத் தூண்டி விட்டது?"

"முட்டிதான் தூண்டி விட்டுச்சு" என்றார் ஸ்டோரக்கா.

"விளையாடாதம்மா. முட்டி வலிச்சா மாடிக்கு ஏறாத. கீழேயே இரு."

"நான் கீழேயே இருந்தா மேல யாரு கூட்டுறது? உன் பொண்டாட்டி வந்து கூட்டுவாளா?"

பேச்சு அதற்கு மேல் போகவில்லை. அவன் வேறு ஊரில் வேலை பார்த்தான். வருவதே அபூர்வம். வந்தால் மாடியில் தன் அறைப் பக்கம் ஒரு நடை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவான். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அது போதும்.

ஸ்டோரக்கா என்பது அவருடைய பெயர் அல்ல. ஆஸ்பத்திரியின் சாமான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். துணைக்கு நின்றவர்கள் ஸ்டோரக்கா என்றார்கள், அதையே டாக்டர்களும் சொன்னார்கள். பிறகு தெருவும் பிடித்துக்கொண்டது. கடைசியில் அவர் வீட்டுக்காரரே, "ஸ்டோரக்கா, டீ கிடைக்குமா? இல்லை சீட்டு எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்கும் அளவுக்குப் போனது.

அந்தக் கேலியில் நியாயம் உண்டு. கையெழுத்து இல்லாத சீட்டுக்கு ஒரு சுருள் பஞ்சுகூட அவர் கொடுத்ததில்லை. அவசரம் என்று ஓடி வந்த நர்ஸை, "அவசரத்துல கையெழுத்துப் போட முடியும். பேனா இந்தா" என்று நிறுத்தியவர். அவரால் சாமான் எதுவும் காணாமல் போனதில்லை. அவரால் யார் மனமும் குளிர்ந்ததாகவும் தெரியவில்லை. சரியாக இருப்பது வேறு, நல்லவராக இருப்பது வேறு. பெரும்பாலான நாட்களில் அவர் முதலாவதோடு நிறுத்திக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

வீடு அவர் பேரில் இருந்தது. ஆஸ்பத்திரி ஊழியருக்குக் கடன் கிடைத்தது, வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை, காரணம் அவ்வளவுதான். முதலில் ஒரு ஹால், ஒரு சமையலறை. மகன் பிறந்தபின் ஒரு அறை. மகள் வளர்ந்தபின் மாடியும், அதில் மகனுக்குத் தனி அறையும். கையில் இருப்பு வரும்போதெல்லாம் வீடு கொஞ்சம் நீண்டது. அதனால் எந்தச் சுவரும் எந்தச் சுவரோடும் முழுமனதாகச் சேரவில்லை. வீட்டுக்காரர் காலமானபின், பிள்ளைகளும் போனபின், அத்தனை அறைகளையும் கூட்டித் துடைக்க அவர் ஒருத்தர்தான் மிஞ்சினார்.

ஒருநாள் பழக்கடைத் தெருவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டைப் பார்த்தார். லிஃப்ட் இருந்தது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு நாற்காலி போடும் அளவுக்கு ஒரு பால்கனி. ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்தே எல்லா மூலையும் தெரிந்தது. அன்றைக்கே அந்த வீட்டின் சொந்தக்காரரிடம் பேசி முடித்தார். "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருப்பேன். அப்புறம் அடுத்த ஆள் காத்திருக்கான்" என்று அவர் சொல்லிவிட்டார். ஸ்டோரக்கா தன் வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

தரகர் வந்து பார்த்தார். ஹால், சமையலறை, மாடி எல்லாம் சுற்றிவிட்டு வாசலில் நின்று கையைத் தட்டிக்கொண்டார்.

"அம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. வாங்க வர்றவங்க வீட்டைப் பார்க்கணும். இப்ப வந்தா சாமானத்தான் பார்ப்பாங்க. முதல்ல காலி பண்ணுங்க. ஹால் சுவத்துல அந்த ஈரத்துக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறம் மாடியில ஒரு ரூம் பூட்டிக் கிடக்கே?"

"பையனோட ரூம்."

"பூட்டுன ரூமோட ஒரு வீட்டை யாரும்மா வாங்குவா? உள்ள என்ன இருக்கோன்னு பயப்படுவாங்க. இன்னொண்ணு. சட்டப்படி வீடு உங்களோடது, சரி. ஆனா புள்ளைங்க வாசல்ல நின்னு சத்தம் போட்டா, வந்தவங்க வந்த வழியே போயிடுவாங்க. இது எத்தனை வீட்டுல பார்த்துட்டேன்."

மறுநாளே ஸ்டோரக்கா சிவப்பு நூல்கண்டு ஒன்று வாங்கி வந்தார்.

அது கிடங்கில் அவர் பழகிய முறை. வருடம் ஒருமுறை கிடங்கைக் கழிக்கும்போது, போக வேண்டிய சாமானுக்கு அங்கே அடையாளம் வைப்பதில்லை. இருக்க வேண்டியதற்குத்தான் நூல் கட்டுவார்கள். நூல் இல்லாதது எல்லாம் வெளியே போகும். சாதாரண வீட்டில் ஒரு பொருளை எறிய நினைத்தால் எறிகிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும். ஏன் எறிகிறாய், நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வாய் என்று நான்கு பேர் கேட்பார்கள். பொருள் வாயை மூடிக்கொண்டு ஜெயித்துவிடும். ஸ்டோரக்காவின் முறையில் காரணம் சொல்ல வேண்டியது பொருளின் பொறுப்பு. நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று ஒரு பழைய மின்விசிறியால் சொல்ல முடிகிறதா? பெரும்பாலானவற்றால் முடியவில்லை. நம்மிடம் கேட்டால் நமக்கும் கஷ்டம்தான்.

தனக்கென்று அவர் கட்டிய நூல் மிகக் குறைவு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, இரண்டு நாற்காலி, கொஞ்சம் பாத்திரம், இஸ்திரிப் பெட்டி. மற்றதையெல்லாம் பழைய இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியில் நடை நடையாக ஏற்றிப் போனார். வீட்டுக்காரரின் உடைந்த வானொலியும் போனது. "அது அவர் தொட்டதுக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி நினைவூட்டினாள். "அவர் தொட்டதுக்கப்புறம்தான் அது பாடாமப் போச்சு" என்றார் ஸ்டோரக்கா.

முறையில் ஒரு கோளாறும் நடந்தது. ஹால் சுவரைப் பார்க்க வந்த கொத்தனார், முதல் நாள் வேலை முடிந்து போகும்போது தன் சாமான்களைப் பின்கட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் வந்தவர் வீட்டைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"அக்கா, இங்க ஒரு வாளி வச்சிருந்தேனே. கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் அதுலதான் கிடந்துச்சு."

"நூல் கட்டியிருந்துச்சா?"

"என்னது?"

"வாளிக்கு நூல் கட்டியிருந்துச்சான்னு கேட்டேன்."

"வாளிக்கு எதுக்குக்கா நூலு? கைப்பிடிதான் இருந்துச்சு."

"அப்ப போயிடுச்சு."

கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு இரும்புக் கடைக்கு ஓடினார். பின்னாலேயே ஸ்டோரக்காவும் போய், கடைக்காரரோடு மல்லுக்கு நின்று வாளியை மீட்டார். தூக்குக்குண்டு மட்டும் தராசுத் தட்டுவரை போய்விட்டிருந்தது. மன்னிப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வாளியின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, அவ்வளவுதான். கொத்தனார் அதிலிருந்து ஒரு துண்டை அறுத்துத் தன் சட்டைப் பித்தானில் கட்டிக்கொண்டார். "அக்கா கண்ணுல நான் சும்மா நிக்கிறது பட்டா, என்னையும் எடை போட்டுடுவாங்க" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹால் சுவரின் ஈரம் பழைய கதை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பெயிண்ட் உப்பும், உரியும். ஸ்டோரக்கா சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பார். கொத்தனார் சுவரைத் தட்டித் தட்டி மேலே போனார், மாடிப்படி ஏறினார், மொட்டைமாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்தார்.

"மேல தண்ணி இறங்குற குழாய் வாயில விரிசல் விட்டிருக்கு. அது நேரா அந்தப் பூட்டுன ரூம் மேல. கூரையில இறங்கி, ரூம் தரையில நின்னு, அப்புறம் நிதானமா ஹாலுக்கு வருது. இதுக்குக் கீழ பெயிண்ட் அடிக்கிறது, காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாத்தி விட்ட மாதிரிக்கா. உள்ள போய்ப் பார்க்கணும்."

ஸ்டோரக்கா மகனுக்குப் போன் போட்டார்.

"சாவியை அனுப்பு. உன் ரூம் ஒழுகுது."

"வர்றப்ப எடுத்துட்டு வரேம்மா."

"எப்ப வருவ?"

"லீவு கேட்கணும். இந்த மாசம் கஷ்டம்தான்."

"அடுத்த மாசம்னா எனக்கு அந்த வீடு போயிடும்டா."

"போனா என்னம்மா? இது இருக்கே."

சாவியை அவன் அனுப்ப மாட்டான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. சண்டை போடாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், ஒரு பூட்டை மட்டும் வைத்து ஒரு வீட்டை நிறுத்திவிடலாம். மாதக் கடைசி தானாக வந்து போகும்.

அந்த வாரம் மகள் வந்தாள். அவள் உள்ளூர்தான், பேருந்தில் வந்துவிடலாம். அவளுக்கு அம்மா வெள்ளை நூல் கொடுத்திருந்தார். வேண்டியதற்குக் கட்டிக்கொள், ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துப்போ என்பது ஏற்பாடு. மகள் வந்த வேகத்தில் தையல் மெஷினுக்குக் கட்டினாள். பீரோவுக்கு, கண்ணாடிக்கு, சமையலறை அடுக்குக்குக் கட்டினாள். ஜன்னல் கம்பிக்குக் கட்டினாள். கடைசியில் மாடிப்படியின் கைப்பிடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"படிக்கட்டை எப்படிடி லாரியில ஏத்துவ?"

"ஏத்த முடியாதுல்ல? அப்ப விக்காத."

"நீ நூல் கட்டுனதெல்லாம் ஞாயித்துக்கிழமைக்குள்ள வாசலைத் தாண்டணும்."

"எங்க வீட்டுல இடம் ஏதும்மா?"

"என் வீட்டுல மட்டும் இடம் ஏது?"

"உனக்கென்ன? இவ்ளோ பெரிய வீடு."

"வீடு பெருசா இருந்தா நானும் பெருசாயிடுவேனா? நான் ஒருத்திதானே இருக்கேன். எனக்கு ரெண்டு கைதானே."

மகள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு மனசே இல்லம்மா. அந்த ஸ்டோர்ல இருந்து இருந்து, உன் மனசும் ஸ்டோர் மாதிரி ஆயிடுச்சு."

"ஸ்டோர்ல எல்லாம் இருக்கும்டி. கேட்டு வாங்கத்தான் ஆள் வரணும்."

ஆனால் யாரும் வந்து கேட்கிற மாதிரி அவர் எப்போது நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மகள் எழுந்தாள். ஸ்டோரக்கா அவளைப் போக விடவில்லை. "இரு. ஒரு வேலை இருக்கு. மேல வா." பூட்டிய அறையைத் தனியாகத் திறக்கக் கூடாது, இரண்டாவது ஆள் ஒன்று நிற்க வேண்டும் என்பது கிடங்கின் இன்னொரு விதி. கொத்தனாரும் சுத்தியலோடு வந்தார்.

"பூட்டை உடைச்சிடவாக்கா?"

"தொடாத. பூட்டு அவனோடது. கதவு என்னோடது."

கொத்தனார் புரியாமல் பார்த்தார். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு, கீல்கள் வெளியே தெரிந்தன. ஸ்டோரக்கா அவற்றை விரலால் காட்டினார். "ஆசாரி வேலையை என்கிட்ட குடுக்கிறீங்களே" என்று முனகிக்கொண்டே கொத்தனார் கீல் ஆணிகளைத் தட்டி எடுத்தார். கதவு லேசாக ஆடியது. இரண்டு பேரும் பிடித்து, அடியில் செங்கல் கொடுத்து, கீல் இருந்த பக்கத்தை மெல்ல இழுத்தார்கள். பூட்டு நிலையைப் பிடித்தபடியே இருந்தது. இத்தனை வருடம் கதவைத் திறக்கவிடாமல் வைத்திருந்த பூட்டு, இப்போது கதவுக்குக் கீலாக நின்றது. கதவு இடவலம் மாறி, திறக்கக்கூடாத பக்கம் திறந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

கட்டில் இல்லை, பெட்டி இல்லை, ஒரு காகிதம்கூட இல்லை. தரையில் ஈரம் பச்சை பிடித்துக் கிடந்தது. சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு வெறும் ஹேங்கர். அவ்வளவுதான். எப்போதோ ஒருமுறை வந்தபோது, அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்க வேண்டும். போகும்போது மறக்காமல் பூட்டியிருக்கிறான்.

"எங்கம்மா அவன் சாமான்?" என்றாள் மகள். அறையில் அவள் குரல் கணீரென்று எதிரொலித்தது. "ரூம் நிறைய சாமான் இருக்குன்னானே! எங்களை வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னப்ப, ரெண்டே மாசத்துக்கு ரூமைக் குடுடான்னு கெஞ்சினேன். கால் வைக்க இடமில்லைன்னு சொன்னான். என் கட்டில் மெத்தை எல்லாம் மாமியார் வீட்டுக் கொட்டகையில கிடந்து நாறிப்போச்சு. இங்க பார், பந்து விளையாடலாம் போலிருக்கு!"

"பஸ் சீட்டுல துண்டைப் போட்டுட்டு அண்ணன் டீ குடிக்கப் போயிட்டாரு" என்றார் கொத்தனார்.

ஸ்டோரக்கா முதலில் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். பிறகு கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பூட்டைப் பார்த்தார். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மழைக்காலமும் அதற்கு மெஷின் எண்ணெய் விட்டவர் அவர்தான். வந்தவர்களிடம், "அது பெரியவன் ரூம், தொடக்கூடாது" என்று சொன்னதும் அவர்தான். ஒருவர் ஒன்றுமில்லாததற்குப் பூட்டுப் போட்டார். இன்னொருவர் அதற்கு எண்ணெய் விட்டார். மூன்றாமவள் வெளியே நின்று பொறாமைப்பட்டாள். ஒரு குடும்பம் சேர்ந்து செய்த வேலை என்று பார்த்தால், இதைவிட ஒற்றுமையாக அவர்கள் வேறெதையும் செய்யவில்லை.

மகள் கீழே இறங்கினாள். கைப்பிடியில் போட்ட முடிச்சை நகத்தால் அவிழ்த்தாள். ஜன்னல், கண்ணாடி, பீரோ என்று வரிசையாக அவிழ்த்துக்கொண்டு போனாள். தையல் மெஷினில் மட்டும் விட்டுவிட்டு, அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். "வித்துடும்மா. நாளைக்கே வித்துடு" என்றாள். அம்மாவின் முட்டியை நினைத்து அல்ல, அண்ணன் மேல் வந்த ஆத்திரத்தில். மனிதர்கள் நியாயத்தின் பக்கம் வந்து சேர்வது பல நேரம் இப்படிக் குறுக்கு வழியில்தான். ஸ்டோரக்கா வழியைப் பற்றிக் கேட்கவில்லை. வந்ததை ஏற்றுக்கொண்டார்.

கொத்தனார் மொட்டைமாடி விரிசலை வெட்டியெடுத்துப் பூசினார். கூரையின் உள்பக்கத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். ஹால் சுவர் காய்ந்தது. கதவை மட்டும் அவர் திரும்ப மாட்டப் போனபோது, "அப்படியே இருக்கட்டும். அவன் வந்து பார்க்கட்டும்" என்று ஸ்டோரக்கா தடுத்துவிட்டார்.

தரகர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் இரண்டு வைத்திருப்பவள். ஒன்றை அவள் ஓட்டுகிறாள், ஒன்றைத் தங்கை ஓட்டுகிறாள். அவள் முதலில் பார்த்தது ஹாலையல்ல, வெளிக் கேட்டின் அகலத்தை. கையால் அளந்து பார்த்துத் திருப்தியானாள். பிறகு மாடிக்கு வந்து சிரித்துவிட்டாள்.

"என்னங்கம்மா, கதவு கோணல்மாணலா தொறக்குது?"

"அது ஒரு வழக்கு. பையன் வந்தா தீரும். மேல ஒழுகிட்டு இருந்துச்சு, பூசியாச்சு. அடுத்த மழைக்கும் ஒழுகினா கொத்தனார் இந்தத் தெருவுலதான் இருக்கார், சட்டையைப் பிடிங்க. சிவப்பு நூல் கட்டியிருக்கும்."

அவளுக்கு வீடு பிடித்தது. பேசி முடிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையோடு வருவதாகச் சொன்னாள். மாதத்தில் அதுதான் கடைசி ஞாயிறு. மகள் அண்ணனிடம் போனில் கத்தியிருந்தாள் போலும். லீவு கிடைக்காத மகன் அதே ஞாயிறு காலையில் வந்து இறங்கினான்.

வேன்காரம்மாவும் தங்கையும் ஹாலில் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். தரகர் சுவரோரம் நின்றிருந்தார். மகன் நேராக மாடிக்குப் போனான். இறங்கி வரும்போது முகம் சிவந்திருந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஸ்டோரக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் வந்தவர்களிடம் பணிவாகப் பேசினான்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். அம்மாவுக்கு வயசாச்சு. ஏதோ கோவத்துல முடிவு எடுத்திருக்காங்க. இன்னிக்கு வித்துட்டு, நாளைக்கு உங்க வாசல்ல வந்து நின்னு அழுவாங்க. உங்களுக்குத்தான் சங்கடம்."

வேன்காரம்மா ஸ்டோரக்காவைப் பார்த்தாள். தங்கை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"டேய்" என்றார் ஸ்டோரக்கா. "நான் அழுதா அவங்க வாசல்ல போய் எதுக்கு அழணும்? என் வீட்டுல, என் கதவைச் சாத்திட்டு, என் இஷ்டத்துக்கு அழுவேன். அதுக்குத்தானே தனி வீடு பார்த்திருக்கேன்."

"அம்மா, நான் பொறந்து வளர்ந்த வீடு."

"நீதான் வளர்ந்துட்டியே."

"உனக்குப் புரியாதும்மா." அவன் குரல் இறங்கியது. வேற்று மனிதர்கள் இருப்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டான். "அங்க வாடகை வீடு. எப்ப வேணா காலி பண்ணச் சொல்லுவான். வேலையும் அப்படித்தான். ராத்திரி படுத்தா, எல்லாம் போனாலும் அங்க எனக்குன்னு ஒரு ரூம் பூட்டி இருக்குன்னு நெனைப்பேன். அப்பத்தான் தூக்கம் வரும்."

அது பொய்யல்ல. சின்னக் காரணமும் அல்ல. ஒன்றுமில்லாத இடம் ஒன்று எங்கோ நமக்காகப் பூட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பலர் காலம் தள்ளுகிறோம். அதற்கு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

ஸ்டோரக்காவுக்கு அது மனதில் பட்டது. அவர் கை அவன் தோள்வரை போனது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"சரி. நீயே வந்து இரு."

"என்ன?"

"இந்த வீட்டுல வந்து குடியிரு. நான் இவங்களைப் போகச் சொல்லிடறேன். ஒழுகுறதை நீ பாரு, மாடியை நீ கூட்டு, வரியை நீ கட்டு. நான் எங்கயாவது வாடகைக்கு ஒரு ரூம் பார்த்துக்கிறேன். எப்படியும் இந்த வீட்டுல நான் இருக்கப் போறதில்லை. சொல்லு, எப்ப வர்ற?"

அவர் கேலி செய்யவில்லை. வேன்காரம்மாவின் தங்கை பாதி எழுந்துவிட்டாள், அவளுக்கு அது தெரிந்திருந்தது. தரகர், "அம்மா..." என்று ஆரம்பித்தார். ஸ்டோரக்கா கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாரும் மகனைப் பார்த்தார்கள்.

அவன் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். காலியான ஹால் அவனுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். மனைவியின் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டான்.

"வர முடியாதும்மா."

"அப்ப வர்றவங்களை வர விடு."

வேன்காரம்மா ஸ்டோரக்காவிடம் கேட்டாள். "உங்களுக்கு நிஜமாவே கஷ்டம் இல்லையாம்மா?"

"எதுக்கு? இந்த வீடு எனக்கு வேலை வைக்குது. நான் ரிட்டையர் ஆயிட்டேன்."

மகன் மாடிக்குப் போனான். பூட்டு திறக்கும் சத்தம் கீழே கேட்டது. எண்ணெய் விட்ட பூட்டு, சிரமப்படவில்லை. கதவை அவனே தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினான். தரகர் அப்போதுதான் சுவரோரத்தைவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் பேருந்துக்குக் கிளம்பும்போது அவன் வாசலில் நின்று கேட்டான். "புது வீட்டுக்கு எனக்கு ஒரு சாவி குடுத்து வைம்மா. அவசர ஆத்திரத்துக்கு."

"அங்க பெல் இருக்கு. அழுத்து, வந்து திறக்கிறேன்."

"நீ இல்லாதப்ப வந்தா?"

"நான் இல்லாதப்ப அங்க உனக்கு என்ன வேலை? போன் பண்ணிட்டு வா."

அவன் கோபித்துக்கொண்டுதான் போனான். சில வாரங்கள் பேசவில்லை. ஒரு விடுமுறை நாளில், போன் பண்ணிவிட்டு, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அம்மா குடிபோன பழக்கடைத் தெரு வீட்டுக்கு வந்தான். லிஃப்டில் ஏறிப் பெல்லை அழுத்தினான். உள்ளேயிருந்து, "வரேன், வரேன், பெல்லைத் தேய்ச்சுடாத" என்று குரல் வந்தது. முட்டி வலிக்காரர் எழுந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மூவரும் வெளியில் நின்றார்கள்.